பக்கத்தில் ஏறி உட்காருங்கள்



இந்த மாதக் கடைசியில் பாடசாலைகள் மூடுகின்றன. ஏறத்தாழ ஆறு வாரம் விடுமுறை. ஊருக்குப் போகிறவர்கள் ரிக்கற் எடுத்துவிட்டார்கள். போகாதவர்கள் ஹொலிடே கிளப்பில் பெயர் பதிந்துவிட்டார்கள். செப்டெம்பரில் லெவன் பிளஸ் எழுதப்போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் மட்டும் விடுமுறை என்ற சொல்லை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தில் வேர்பல் ரீசனிங், மறுபக்கத்தில் கணக்கு, நடுவில் சோறு.

அதைக் குறை சொல்ல இந்தப் பக்கத்தை எழுதவில்லை. சட்டன், பார்னெட், கென்ற் பக்கத்துக் கிராமர் பாடசாலைகளில் ஓர் இடம் கிடைக்கப் பிள்ளைகள் எவ்வளவு உழைக்கிறார்கள், ரியூசன் காசுக்காகப் பெற்றோர் எத்தனை ஓவர்டைம் செய்கிறார்கள் என்பதை நம் சபையிலேயே பார்க்கிறோம். நாங்கள் கேட்பது வேறு கேள்வி. அந்த மேசையில் ஒரு கதைப்புத்தகமும் இருக்கிறதா?

நம் பேச்சுத் தமிழில் ‘படிக்கிறது’ ஒன்று, ‘வாசிக்கிறது’ இன்னொன்று. “பிள்ளை படிக்குது” என்றால் வீட்டில் எல்லோரும் சத்தத்தைக் குறைப்பார்கள். “பிள்ளை வாசிக்குது” என்றால், “அப்ப சும்மாதானே இருக்கிறாய், கடைக்கு ஒருக்கால் போய் வா” என்பார்கள். நாலு வயதில் மடியில் வைத்துப் படப்புத்தகம் காட்டிய அதே தாய் தகப்பன், பிள்ளைக்கு ஒன்பது பத்து வயதாகும்போது, “கதைப்புத்தகம் போதும், இனிப் படி” என்கிறார்கள். அதோடு இரண்டு காரியங்கள் ஒன்றாக நின்றுவிடுகின்றன. கதை நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரும் எழுந்து போய்விடுகிறார்.

சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை வெளியிட்ட ஏழு நார்னியாக் கதைகளில், 1952இல் வந்த கடற்பயணக் கதையில் யூஸ்டஸ் என்று ஒரு பையன் வருகிறான். வகுப்பில் கெட்டிக்காரன். புத்தகமும் வாசிப்பவன்தான், ஆனால் தகவல் புத்தகம் மட்டும். வர்த்தகம், அரசாங்கம், வடிகால் பற்றியெல்லாம் அவனுக்குத் தெரியும். ஒரு தீவில் டிராகனின் குகைக்குள் போய் விழும்போது, தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவனுக்கு விளங்கவில்லை. அந்த மாதிரிக் கதை எதையும் அவன் வாசித்ததில்லை. பொன்னைக் கண்டதும் ஆசைப்பட்டு அதன்மேலேயே தூங்குகிறான். விழிக்கும்போது தானே ஒரு டிராகனாக மாறியிருக்கிறான். லூயிஸ் ஒக்ஸ்போட்டிலும் பின்பு கேம்பிரிட்ஜிலும் இலக்கியம் படிப்பித்தவர். கெட்டிக்காரப் பிள்ளைகள் அவருக்குப் புதிதல்ல. பேராசை எப்படி இருக்கும், அது வரும்போது எந்த முகத்தோடு வரும் என்பதைப் பயிற்சித் தாள் சொல்லித் தராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, கதைப்புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டோம். அடுத்து நாம் செய்வது என்ன? பிள்ளை கடைசிப் பக்கத்தை மூடுமுன்னே, “இதிலிருந்து என்ன படிப்பினை?” என்று கேட்கிறோம். இந்தக் கேள்விக்கு நம் ஞாயிறு பாடசாலையில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் ஒரு நொடியில் பதில் சொல்லும். “பொய் சொல்லக்கூடாது.” “பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும்.” கதையைக் கேட்காமலேகூடச் சொல்லிவிடலாம். விடை சரி, முழுப் புள்ளி. கதை மட்டும் உள்ளே போகவில்லை.

வேதாகமத்தில் கதை சொன்னவர்கள் இப்படிக் கேட்டதாகக் காணவில்லை. 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி அரசனிடம் போய், “நீர் செய்தது பாவம்” என்று தொடங்கவில்லை. ஏழை ஒருவனுடைய ஒரே ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்கிறார். தாவீது கொதித்தெழுந்து தானே தீர்ப்புச் சொல்லும்வரை காத்திருக்கிறார். அதன்பின்தான் அந்த மனிதன் யார் என்று காட்டுகிறார். லூக்கா 15இல் மூத்த மகன் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே நிற்கிறான், தகப்பன் வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா? ஆண்டவர் சொல்லவில்லை. யோனாவின் புத்தகமோ நினிவேயைக் குறித்த ஒரு கேள்வியோடு முடிகிறது, பதிலே இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம்தான் அந்த இடத்துக்கு அவசரமாக ஒரு பதிலை ஒட்டிவிடுகிறோம்.

லூயிஸின் முதற்கதையில் எட்மண்ட் என்ற பையன் சூனியக்காரி கொடுத்த இனிப்புக்கு ஆசைப்பட்டுத் துரோகியாகிறான் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியும். (கதையின் ஆங்கிலத் தலைப்பிலேயே சூனியக்காரி இருப்பதால் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் விடாத பெற்றோரும் நம்மிடையே உண்டு. ஒரு முறை கடைசிவரை வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.) ஆனால் பிள்ளைகளைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறது. தங்கை லூசி நார்னியாவுக்குப் போய் வந்ததாகச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பிறகு எட்மண்டும் அங்கே போகிறான், கண்ணால் காண்கிறான். இனி அண்ணன் சாட்சி சொல்வான் என்று லூசி சந்தோஷமாக ஓடி வருகிறாள். அவனோ மற்றவர்கள் முன்னால், நாங்கள் சும்மா விளையாடினோம் என்று சொல்லிவிடுகிறான். லூசி அழுதுகொண்டு ஓடுகிறாள்.

இனிப்புக்காக உடன்பிறந்தவர்களை விற்கும் சந்தர்ப்பம் நம் பிள்ளைகளுக்கு வராது. ஆனால் இடைவேளையில் நண்பர்கள் முன்னால் தங்கையைத் தெரியாதவன் மாதிரி நிற்பது, லஞ்ச் பொக்ஸைத் திறந்து இடியப்பத்தைக் கண்டு சிரிக்கும் கூட்டத்தோடு தானும் சேர்ந்து சிரிப்பது, ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை, வீட்டில்தான்’ என்பது, இவை ஒவ்வொரு வாரமும் நடக்கின்றன. அந்தப் பக்கத்தை வாசிக்கும் பிள்ளைக்கு முகம் சூடாகும். அந்தச் சூட்டை விட்டுவைக்க வேண்டும். அந்த நேரத்தில் நாம் குறுக்கே போய், “பார்த்தாயா, பொய் சொன்னால் இப்படித்தான்” என்றால், பிள்ளை எட்மண்டை விட்டுவிட்டு நமக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடும்.

அப்படியானால் பெற்றோர் ஒன்றுமே பேசக்கூடாதா? பேசத்தான் வேண்டும். எப்படி என்பதற்கு அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியவில்லை. எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் இருந்து ஏசாயாவைச் சத்தமாக வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிப்போய் முதலில் செய்தது காது கொடுத்தது. பிறகு, விளங்குகிறதா என்று ஒரு கேள்வி. மந்திரி தாமே அவரை மேலே ஏறிப் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார். வாசித்தவர் மந்திரி. கேள்வி கேட்டவரும் மந்திரிதான். அவர் கேட்ட இடத்திலிருந்து பிலிப்பு தொடங்கினார்.

இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் சபையில் பல தகப்பன்மார் பிள்ளைக்கு வாசித்துக் காட்டாததற்கு நேரமின்மை மட்டும் காரணமல்ல. இரண்டாம் பக்கத்திலேயே பிள்ளை, “அப்பா, அது அப்படிச் சொல்றதில்லை” என்று உச்சரிப்பைத் திருத்துகிறது. ஒரு தடவை சிரித்தும்விடுகிறது. அதோடு அப்பா புத்தகத்தைக் கீழே வைக்கிறார். ஊரில் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவர், இங்கே ஏழு வயதுப் பிள்ளையின் புத்தகத்தின் முன்னால் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறார். இது சின்ன வேதனை அல்ல.

அந்தத் தகப்பன்மாருக்குச் சொல்கிறோம்: நீங்கள் வாசிக்க வேண்டாம். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் பிலிப்பாக இருங்கள். “இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?” என்று உண்மையாகவே கேளுங்கள். பிள்ளை உங்களுக்குச் சொல்லித் தரட்டும். அந்தப் பக்கத்தில் நடந்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் திருப்பிச் சொல்லப் பிள்ளை தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில்தான் கதை இரண்டாம் முறை மனதுக்குள் போகிறது, தமிழும் கூடவே வளர்கிறது. இதற்கு இருபது நிமிடம் போதும். இரவு வேலைக்குப் போகிறவர்கள் பின்னேரத்தில் செய்யலாம். கார் ஓடும்போது ஒலிப்புத்தகம் போட்டு இருவருமாகக் கேட்கலாம். உபாகமம் 6 சொல்வதும் வீட்டில் இருக்கும்போதும் வழியில் போகும்போதும் படுக்கும்போதும் பேசுவதைப் பற்றித்தானே.

எந்தப் புத்தகம் என்ற கேள்வி பலரிடமிருந்து வருகிறது. அட்டையில் சிலுவை இருந்தால் நல்ல புத்தகம், இல்லாவிட்டால் உலகப் புத்தகம் என்று பிரித்தால் வேலை சுலபம்தான். ஆனால் சிலுவை போட்ட அட்டைக்குள் உயிரில்லாத கதைகள் நிறைய இருக்கின்றன. நல்ல பையன் முதற்பக்கத்தில் நல்லவனாக இருந்து கடைசிப் பக்கத்திலும் நல்லவனாகவே நிற்கிறான். கெட்ட பையன் மாமரத்தில் ஏறி விழுகிறான். அப்படிப்பட்ட புத்தகங்களைப் பிள்ளைகள் நம்புவதில்லை. மறுபக்கம், ஈ. பி. வைட் 1952இல் எழுதிய ‘சார்லட்ஸ் வெப்’ பண்ணைக் கதை. அதன் அட்டையில் சிலுவை இல்லை. ஒரு பன்றிக்குட்டி வெட்டுப்படாமல் தப்புவதற்காக ஒரு சிலந்தி தன் பலம் முழுவதையும் செலவழித்துவிட்டு, யாரும் பக்கத்தில் இல்லாமல் செத்துப்போகிறது. நட்புக்காகத் தன்னைக் கொடுப்பது என்றால் என்ன என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த எங்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியாது.

வயதைப் பார்க்க வேண்டும் என்பதும் உண்மை. இதற்கு நாங்கள் நினைத்துப் பார்ப்பது கொறி டென் பூமின் தகப்பனை. நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் கடிகாரக்கடை வைத்திருந்தவர். யூதர்களை வீட்டில் மறைத்து வைத்ததற்காக 1944இல் நாசிகள் அந்தக் குடும்பத்தையே பிடித்துக்கொண்டு போனார்கள். கொறி சிறுமியாக இருந்தபோது ரயிலில் போகையில், அந்த வயதுக்கு மிஞ்சிய ஒன்றைப் பற்றிக் கேட்கிறாள். தகப்பன் கோபிக்கவில்லை. கடிகாரச் சாமான்கள் நிறைந்த தன் பெட்டியைத் தூக்கச் சொல்கிறார். அவளால் முடியவில்லை. சில அறிவும் இப்படித்தான், நீ பெரியவளாகும்வரை உனக்காக நான் சுமக்கிறேன் என்ற கருத்தில் பதில் சொல்கிறார். 1971இல் வெளிவந்த ‘த ஹைடிங் பிளேஸ்’ என்ற அவருடைய நூலில் இது இருக்கிறது. ஓ லெவல் வயதுப் பிள்ளைகள், இங்கத்தைய கணக்கில் பதினான்கு பதினைந்து, இந்த விடுமுறையில் ஒரே ஒரு புத்தகம்தான் வாசிப்பார்கள் என்றால் அதை வாசிக்கட்டும். முகாமில் தங்கையை அல்ல, மூத்த சகோதரி பெற்சியைப் பறிகொடுத்த ஒரு பெண், பிற்காலத்தில் அதே முகாமின் காவலன் ஒருவன் நீட்டிய கையைப் பிடிக்க எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பெட்டியின் பாரம் பற்றிய இந்தப் பேச்சு நம் வீடுகளுக்கு மிகவும் கிட்டியது. இங்கே பல பாடசாலைகளில் இயர் 5, 6 அளவில் உலகப்போர்க் காலத்து வெளியேற்றம் பற்றிப் படிப்பிக்கிறார்கள். மிஷெல் மகோரியன் 1981இல் எழுதிய ‘குட்நைட் மிஸ்டர் டொம்’ கதையையும் அதோடு சேர்த்துப் பிள்ளைகள் வாசிப்பதுண்டு. லண்டனிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட வில்லியம் என்ற பையனை ஒரு தனிக்கிழவர் ஏற்றுக்கொள்கிறார். பையனின் தாய் பக்தியின் பெயரால் அவனைக் கொடுமைப்படுத்தியவள். வாசிக்கக் கடினமான பகுதிகள் உண்டு, அதனால் பத்து வயதுப் பிள்ளையைத் தனியே விட்டுவிட வேண்டாம்.

ஆனால் பக்கத்தில் உட்காரும் அந்த அப்பாவோ அம்மாவோ யார்? 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் மழையில் அடிக்கு அடி நகர்ந்தவர்களில் ஒரு பிள்ளையாக இருந்தவர். சைக்கிளில் எதை ஏற்றினோம், எதை விட்டுவிட்டு வந்தோம் என்பது இன்றைக்கும் நினைவிருப்பவர். அதைப் பற்றிப் பிள்ளையோடு ஒரு நாளும் பேசாதவர். எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் பேசாதவர். வில்லியமின் கதையை வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, “அப்பா, நீங்களும் இப்படி எங்கேயாவது போனீங்களா?” என்று கேட்கும். கட்டாயம் கேட்கும். அப்போது பெட்டியில் எவ்வளவை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுப்பது, எவ்வளவை இன்னும் சில வருடம் நாமே சுமப்பது என்று பெற்றோர்தான் தீர்மானிக்க வேண்டும். யார் வீட்டில் தங்கினோம், முன்பின் தெரியாத யார் சோறு தந்தார்கள், எந்தத் தேவாலய மண்டபத்தில் படுத்தோம் என்பதையாவது கொடுக்கலாம். அந்தப் பேச்சுக்கு வழி திறந்துவிட ஓர் ஆங்கிலக் கதைப்புத்தகத்தால் முடியும்.

புத்தகம் வாங்கக் காசு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கவுன்சில் நூலகத்தில் பிள்ளைகளைச் சேர்ப்பது இலவசம். கைக்குழந்தையைக்கூடச் சேர்க்கலாம். 1999இலிருந்து ஒவ்வொரு கோடையிலும் நூலகங்களில் சமர் ரீடிங் சலஞ்ச் நடக்கிறது. நாலு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு. விடுமுறைக்குள் ஆறு புத்தகம் வாசிப்பது வழக்கமான இலக்கு, ஸ்டிக்கரும் சான்றிதழும் கிடைக்கும். மார்ச் மாதத்தில் வேர்ல்ட் புக் டேக்கு ஒரு நாள் உடுப்புக்குச் செலவழிக்கும் காசும் இதற்கு வேண்டாம். (உடுப்பு வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பாத்திரம் வரும் புத்தகத்தை வாசித்தார்கள் என்று கேட்க ஆசைதான்.) 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி, அதில் போன ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் பற்றி நம்மவர்கள் இன்றைக்கும் தொண்டை அடைக்கப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். இங்கே, ஆள் வராத நூலகங்களைக் கவுன்சில்கள் நேரம் குறைத்து, பின்பு மூடியும் வருகின்றன. பிள்ளையின் பெயரில் ஒரு அட்டை எடுப்பது நம் கையில் இருக்கிறது.

தமிழ்ப் புத்தகம் கிடைப்பதில்லை என்ற குறை பாதிதான் உண்மை. சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமுமாகப் படப்புத்தகங்கள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை ஒரு சதமும் கட்டாமல் வாசிக்கலாம், அச்சிட்டும் எடுக்கலாம். படிநிலை ஒன்று, இரண்டு என்று பிரித்திருப்பதால் ஐந்து வயதுப் பிள்ளையும், தமிழை இப்போதுதான் தொடங்கும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரே இடத்தில் ஆரம்பிக்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வாலிபத் தம்பி தங்கையரே, இது பெற்றோருக்கான பக்கம் என்று திருப்பிவிடாதீர்கள். உங்கள் வயதில் புத்தகம் விட்டுப்போவதற்கு லெவன் பிளஸ் காரணமல்ல, போன்தான். பவுல் அப்போஸ்தலர் தம் கடைசி நாட்களில், சிறையில், குளிர்காலம் வருமுன் தீமோத்தேயுவிடம் கேட்டு எழுதிய சாமான்கள் இரண்டு: துரோவாவில் விட்டுவந்த மேலங்கி, புத்தகங்கள். சாவு கிட்டியிருக்கிறது என்று தெரிந்த மனிதன் வாசிக்கக் கேட்கிறார். அதோடு, நீங்கள் இந்தச் சபையின் சிறு பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவை என்று உங்களுக்கே தெரியாது. இரண்டு மொழியும் வாயில் வரும் ஆட்கள் நீங்கள்தான். அம்மா அப்பா சொன்னால் கேட்காத எட்டு வயதுப் பையன், கிற்றார் வாசிக்கும் அண்ணா ஒரு புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்தால் தானாக வந்து ஒட்டிக்கொள்வான். 1780இல் குளொஸ்டரில் றொபேட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பாடசாலையே, வாரம் முழுவதும் வேலைத்தலத்தில் நின்ற பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம்தான். அவருடைய சிலை தேம்ஸ் கரையோரம் விக்ரோறியா எம்பாங்க்மென்ற் பூங்காவில் நிற்கிறது. லண்டனுக்குள் போகும் நாளில் தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஓகஸ்ற் மாதம் முழுவதும் ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில், மண்டபத்தின் சமையலறைப் பக்க மூலையில் ஒரு புத்தகப் பெட்டி வைக்கிறோம். வீட்டில் வாசித்து முடித்த நல்ல பிள்ளைப் புத்தகங்களைக் கொண்டுவந்து போடுங்கள், விரும்பியதை எடுத்துப் போங்கள். பயிற்சித் தாள்களைப் போட வேண்டாம், அவை எல்லோர் வீட்டிலும் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் வாலிபர் இருவர் கால் மணி நேரம் வாசிப்பார்கள். தமிழில் வாசிக்க அம்மம்மா, அப்பம்மா, தாத்தாமார் இன்னும் இரண்டு பேர் தேவை. கண்ணாடியோடு வாருங்கள், எழுத்துப் பெரிதாக உள்ள புத்தகமாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறோம்.